பொம்மையின் புத்தகப் பை: எதை வாங்கலாம், எதைச் செய்துகொள்ளலாம்

கேள்வி: "என் மகளிடம் ஒரு 18 அங்குலப் பொம்மையும் இரண்டு பார்பியும் இருக்கின்றன. இந்த வருஷம் கொலுவில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்கிறாள். ஆன்லைனில் '50 பொருட்கள் அடங்கிய பள்ளி செட்' என்று ஒன்று வருகிறது. படத்தில் எல்லாம் நிஜம் போலவே இருக்கிறது. வாங்கலாமா? தரத்தை எப்படிப் பார்ப்பது? வேலூர், காட்பாடிப் பக்கமே கிடைக்குமா, இல்லை வீட்டில் செய்துவிடலாமா?"

அந்த 50 பொருள் செட்டை வாங்காதீர்கள். அதுபோன்ற செட்டுகளில் பெரும்பாலும் ஸ்டிக்கரையும் ஒன்றாக எண்ணுவார்கள், பென்சில் ஆறு இருந்தால் ஆறாக எண்ணுவார்கள், அட்டையில் அச்சடித்து வெட்டிய 'புத்தகம்' ஒவ்வொன்றையும் எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு பொருளின் தரமும் இறங்கும். பை ஒன்று, நாலு நோட்டு, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில் இவ்வளவு சரியாக அமைந்தாலே போதும். பார்க்கிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். நான் கொலுவுக்கு செட் செய்து கொடுக்கிற வேலையில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அளவு. இதைத் தீர்க்காமல் எதையும் வாங்க முடியாது. 18 அங்குலப் பொம்மை என்றால் 46 சென்டிமீட்டர். அது எட்டு ஒன்பது வயதுப் பெண்ணின் உருவம். நிஜத்தில் அந்த வயதுப் பிள்ளை 130 செ.மீ. பக்கம் இருக்கும். ஆக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1986-ல் பிளெசன்ட் ரோலண்ட் என்ற அம்மையார் அமெரிக்கன் கேர்ள் பொம்மைகளைக் கொண்டுவந்த பிறகு இந்த அளவு அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. இப்போது வேறு பல கம்பெனிகளும் இதே 18 அங்குலத்தில் செய்கின்றன. பார்பி 29 செ.மீ. வளர்ந்த பெண்ணின் உருவம், ஆறில் ஒரு பங்கு. கொலுக் கடைகளில் டீச்சர், பிள்ளைகள், கரும்பலகை என்று வருகிற களிமண், காகிதக்கூழ் செட் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சின்னது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? உங்கள் வீட்டு மாணவி 46 செ.மீ., டீச்சராக நிற்கப்போகும் பார்பி 29 செ.மீ. பக்கத்தில் வைத்தால் டீச்சர் மாணவியின் இடுப்புக்கு மேலே கொஞ்சம் வருவார், அவ்வளவுதான். எவ்வளவு நேர்த்தியான சாமான் வாங்கினாலும் இந்த ஒரு விஷயம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால் இரண்டையும் பிரித்து வையுங்கள். பெரிய பொம்மையைக் கொலுப்படிக்கு முன்னால் தரையில், பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிற மாதிரி நிறுத்துங்கள். பார்பியின் வகுப்பறை பின்னால் தள்ளி, ஒரு படியில் இருக்கட்டும். முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரிவது கண்ணுக்குப் பழகின விஷயம்தானே, உறுத்தாது.

அளவு தெரிந்துவிட்டால் வீட்டுச் சாமானை அளந்து வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். புதுப் பென்சில் 17.5 செ.மீ. நீளம், 7 மில்லிமீட்டர் பருமன். மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட 6 செ.மீ., இரண்டு மி.மீ.க்குச் சற்று அதிகம். இது சாதாரணப் பல்குச்சியின் அளவு! நுனியைச் சீவி, சிவப்பும் கறுப்பும் கோடு இழுத்தால் நடராஜ் பென்சில் தயார். பார்பிக்கு அதே பென்சில் 3 செ.மீ. நீளம், ஒரு மி.மீ. பருமன்தான் இருக்க வேண்டும். துடைப்பக் குச்சியின் மெல்லிய நுனி சரியாக வரும். ஆனால் செட்டில் வரும் பார்பி பென்சிலை அளந்து பாருங்கள், பெரும்பாலும் இரண்டரை மூன்று மி.மீ. தடிமன் இருக்கும். நிஜ அளவுக்குப் பெருக்கினால் பதினைந்து முதல் பதினெட்டு மி.மீ.; மண்வெட்டிக் காம்பில் எழுதுகிற மாதிரி ஆகிவிடும். அச்சில் வார்க்கும்போது மெல்லிய பிளாஸ்டிக் உடைந்துவிடும் என்பதால் அவர்கள் தடிமனாகச் செய்கிறார்கள். அவர்கள் கஷ்டம் புரிகிறது, ஆனாலும் கண் ஒத்துக்கொள்ளாது.

சின்னச் சாமான் போலி என்று காட்டிக்கொடுப்பது முதலில் தடிமன்தான். நீள அகலத்தைக் குறைக்கிறவர்கள் தடிமனைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள். காகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் போடும் ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. மூன்றால் பெருக்கினால் 0.3 மி.மீ., அது நோட்டின் மேலட்டையின் தடிமன். ஆறால் பெருக்கினால் 0.6 மி.மீ., நல்ல கெட்டி அட்டை. அதனால்தான் ஏ4 தாளை வெட்டித் தைத்த குட்டி நோட்டு எப்போதும் விசிறி மாதிரி விரிந்தே நிற்கிறது, பக்கம் கீழே படியாது. அந்தத் தாள் பொம்மை நோட்டுக்கு அட்டையாகப் போட மட்டும்தான் லாயக்கு. உள்பக்கத்துக்கு மெல்லிய தாள் வேண்டும். பில் புத்தகத்தில் இரண்டாவது காப்பிக்கு வரும் மெல்லிசான தாள் நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, மருந்துப் பெட்டிக்குள் எட்டாய்ப் பதினாறாய் மடித்து வைத்திருக்கும் தாள். ஆஸ்பத்திரி ஊரான வேலூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. மிக மெல்லிசு, அதோடு பொடி எழுத்தில் அச்சும் இருக்கிறது. 18 அங்குலப் பொம்மையின் பாடப்புத்தகத்துக்குள் அதை வெட்டித் தைத்தால் தூரத்திலிருந்து பார்க்க அச்சு அசல் பாடம்தான். எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும்; இங்கிலீஷ் மீடியம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். தாளைக் கையால் இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் லேசாக வளையும். அந்த வளைவு நோட்டின் முதுகுக்கு இணையாக வருமாறு வெட்டினால் பக்கம் தானாகப் படியும். மாற்றி வெட்டினால் எவ்வளவு அழுத்தினாலும் எழுந்துகொள்ளும்.

கோடு போட்ட நோட்டு வேண்டுமென்றால் பேனாவால் கோடு இழுக்காதீர்கள். பால்பாயிண்ட் கோடு அரை மி.மீ. இருக்கும், பார்பி அளவில் அது 3 மி.மீ. பட்டையாகிவிடும். கம்ப்யூட்டரில் வெளிர் நீலத்தில் எவ்வளவு மெல்லிசாக வருமோ அவ்வளவு மெல்லிசாகப் போட்டு, லேசர் பிரிண்டரில் எடுங்கள். நாலு கோடு நோட்டு, இரட்டைக் கோடு நோட்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டு என்று மூன்று வகை வைத்தால் பார்க்கிற ஒவ்வொரு அம்மாவும் சிரிப்பார்கள். பாடப்புத்தக அட்டைக்கு உங்கள் மகளின் புத்தகத்தையே ஸ்கேன் செய்யலாம். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜெராக்ஸ் மெஷினில் குறைப்பதாக இருந்தால் 33 சதவீதம் நேராக வரும். பார்பிக்கு 17 சதவீதம் வேண்டும், ஆனால் பல மெஷின்கள் 25-க்குக் கீழே இறங்காது. கம்ப்யூட்டரில் சுருக்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். இங்க்ஜெட் வேண்டாம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம்; சாதாரணத் தாளில் மை பரவினால் 'ணை'யும் 'னை'யும் ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். அட்டைத் தலைப்பு மட்டும் படிக்க முடிந்தால் போதும், உள்ளே இருக்கும் பாடத்தை யாரும் படிக்கப்போவதில்லை.

துணிக்கும் இதே கணக்குதான். நிஜப் பையின் துணியை வெட்டிப் பொம்மைப் பை தைத்தால் மூலையெல்லாம் கட்டி கட்டியாக நிற்கும். நான் பார்த்தவரை இதற்குச் சிறந்தது பழைய குடைத்துணி. மெல்லிசு, நெசவு நெருக்கம், ஓரம் சீக்கிரம் பிரியாது, பளபளப்பும் கம்மி. உடைந்த குடை எந்த வீட்டில் இல்லை! தோள்பட்டைக்குத் தையல் சாமான் கடையில் உள்ளாடைப் பட்டைக்கென்று விற்கும் சின்ன வளையமும் எட்டு வடிவக் கொக்கியும் வாங்குங்கள். ஒரு செ.மீ. அகலத்தில் கிடைக்கும், பெரிய பொம்மைக்குக் கச்சிதம், பட்டையை நிஜமாகவே ஏற்றி இறக்கலாம். ஜிப் விஷயத்தில் மட்டும் ஆசைப்படாதீர்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் சின்ன ஜிப் மூன்றாம் நம்பர். அதன் பல்வரிசை 4 மி.மீ. இருக்கும். 18 அங்குலப் பொம்மைக்குக் கொஞ்சம் பெரிதுதான் என்றாலும் கண் பொறுத்துக்கொள்ளும். பார்பி பையில் வைத்தால் ஒரு அங்குல அகல ஜிப் வைத்த கணக்கு. பார்பிக்கு ஜிப்பைத் தையல் கோடாகக் காட்டிவிட்டு, உள்ளே ஒரு சின்ன அழுத்துப் பட்டன் வைத்துவிடுங்கள்.

தோல் என்று வரும்போது நம் ஊர்க்காரர்களுக்கு யோகம்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் வேலை நடக்கும் பகுதி இது. வெட்டுத்துண்டு கிடைப்பது கஷ்டமில்லை, ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவர் யாரையாவது தெரிந்திருந்தால் இன்னும் சுலபம். ஆனால் எந்தத் துண்டு என்பது முக்கியம். ஷூ மேல்பாகத்துக்கு வெட்டும் மாட்டுத்தோல் 1.2 மி.மீ. தொட்டு மேலே இருக்கும். பொம்மைக்கு அது செருப்பின் அடிப்பாகம் போலத் தெரியும். உள்பக்கத்துக்குப் போடும் லைனிங் தோல் கேளுங்கள். ஆட்டுத்தோல், 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், மேல்பக்கத் துளைப்புள்ளிகளும் பொடியாக இருக்கும். செம்மறித்தோல் கிடைத்தால் இன்னும் நல்லது. மடிக்கிற ஓரத்தை மட்டும் ஸ்கைவிங் செய்து, அதாவது சீவி மெல்லிசாக்கி வாங்கினால் மடிப்பு கத்தி போல விழும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழையகாலத் தோல் அகப்பட்டால் பத்திரப்படுத்துங்கள். அது விறைப்பு, கொடுத்த வடிவில் நிற்கும். பெட்டி மாதிரியான பழைய புத்தகப் பைக்கு ஏற்றது. ஸ்கூல் ஷூவுக்குக் குரோம் உப்பால் பதனிட்ட மிருதுவான தோல்தான் வசதி. 18 அங்குலப் பொம்மைக்கு ஷூ ஏறக்குறைய 7 செ.மீ. நீளம்.

பை எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் ஒரு குறை நிற்கும். தோளில் மாட்டினால் தொங்காது, ஒட்டிவைத்த மாதிரி நிற்கும். பொருளின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மூன்றில் ஒரு பங்காக்கினால் எடை இருபத்தேழில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆறில் ஒரு பங்கு என்றால் இருநூற்றுப் பதினாறில் ஒரு பங்கு. துணியின் விறைப்பு அந்த வேகத்தில் குறைவதில்லை. எடை இல்லாமல் துணி எப்படித் தொய்யும்? சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்பு பால்ஸ் கொஞ்சம் வாங்கி, சின்னத் துணிப்பையில் போட்டு நன்றாகத் தைத்து, பையின் அடியில் வையுங்கள். நாலு கிலோ சுமக்கிற பிள்ளைக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய பொம்மைக்கு 150 கிராம் வரும். அவ்வளவு வேண்டாம், பொம்மை பின்னால் சாய்ந்துவிடும். பாதி போட்டாலே பட்டை இழுபட்டு, பை முதுகில் இறங்கி உட்காரும். இந்த எடை எந்த செட்டிலும் வராது. படத்தில் நன்றாக இருந்த பை வீட்டுக்கு வந்ததும் பொம்மையாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்தது பளபளப்பு. வார்த்தெடுத்த பிளாஸ்டிக் சாமானில் ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைத் திட்டு விழும். பொருள் சின்னது, திட்டு பெரிது, அளவு உடனே தெரிந்துவிடும். ஆயிரம் நம்பர் உப்புத்தாளை ஈரமாக்கி லேசாகத் தேய்த்து, மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுங்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஸ்டீல் ஸ்கேல் இரண்டும் பளபளக்கலாம், அவை நிஜத்திலும் அப்படித்தான். நிறத்தையும் கொஞ்சம் மட்டுப்படுத்துங்கள். புத்தம்புதுச் சாமானை வரிசையாக அடுக்கினால் கடை ஷோகேஸ் மாதிரி இருக்குமே தவிர வகுப்பறை மாதிரி இருக்காது. ஒரு பென்சில் முழுசாக, ஒன்று பாதியாக, ஒன்று பின்னால் கடித்ததாக இருக்கட்டும். கரும்பலகையில் சாக்பீஸை முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் எழுதுங்கள். அந்த மங்கலான வெள்ளைதான் பள்ளிக்கூடப் பலகை.

இப்போது செட்டுகளுக்கு வருவோம். அமெரிக்க செட்டுகள் அவர்கள் ஊருக்கு நிஜம்தான். பளிங்குக் கல் மாதிரி அட்டை போட்ட நோட்டு, மஞ்சள் பென்சிலின் முனையில் ரோஜா நிற அழிப்பான், இரும்பு லாக்கர், சாண்ட்விச் வைத்த சாப்பாட்டுப் பெட்டி. நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஜப்பானின் ரீமென்ட் கம்பெனி சாமான்கள் அதைவிட ஒரு படி மேல். பார்பி அளவுக்குக் கிட்டத்தில் வரும், அச்சு அவ்வளவு தெளிவு, ஆனால் விலை கையைக் கடிக்கும். நம் பிள்ளை தினமும் தூக்கிப்போகிற பையில் இருப்பது வேறு. பிரவுன் கவர் போட்டு லேபிள் ஒட்டிய நோட்டு, தகர ஜாமெட்ரி பாக்ஸ், பரீட்சை அட்டை, கழுத்தில் ஐடி கார்டு, ரெட்டைச் சடைக்கு ரிப்பன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். லாக்கரைப் பார்த்து 'அழகா இருக்கு' என்று நகர்ந்துவிடுவார்கள். லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு எழுதிய பிரவுன் கவர் நோட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

இவற்றில் பல செய்வதற்குச் சுலபம். பிரவுன் கவருக்கு அந்த மெல்லிசான பில் தாளையே டீ டிகாக்‌ஷனில் நனைத்துக் காயவைக்கலாம். ரிப்பன் நிஜத்தில் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம், 6 மி.மீ. சாட்டின் ரிப்பன் பெரிய பொம்மைக்கும் 3 மி.மீ. பார்பிக்கும் பொருந்தும், இரண்டும் ஃபேன்சி ஸ்டோரில் கிடைப்பவை. சிலேட்டு வேண்டுமென்றால் கறுப்பு அட்டைக்குச் சட்டம் போடுங்கள். பெரிய பொம்மைக்கு ஐஸ் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் சட்டத்தின் அகலம் சரியாக இருக்கும். கொலு செட்டின் குட்டிப் பிள்ளைகளுக்குத் தீக்குச்சி போதும், குடியாத்தம் தீப்பெட்டியாகப் பார்த்து வாங்கினால் ஊர்ப்பாசமும் சேர்ந்துகொள்ளும். பலப்பத்தை உடைத்து உப்புத்தாளில் தேய்த்தால் பெரிய பொம்மைக்குச் சாக்பீஸ். ஜாமெட்ரி பாக்ஸுக்குக் குளிர்பானக் கேனின் தகடு. அது ஏறக்குறைய 0.1 மி.மீ., நிஜத் தகர டப்பாவை மூன்றால் வகுத்த தடிமன்தான். ஆனால் வெட்டின ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். நீங்கள் வெட்டுங்கள், ஓரத்தை உள்ளே மடித்து அழுத்திய பிறகே பிள்ளை கையில் கொடுங்கள்.

வாங்க வேண்டியவை என்றால் மூக்குக் கண்ணாடி, வாட்டர் பாட்டில், காம்பஸ் போல வீட்டில் வார்க்க முடியாதவை. எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குச் சொப்புச் சாமான் விற்கிற பாத்திரக்கடை போதும். 4 செ.மீ. விட்டமுள்ள டப்பா பெரிய பொம்மைக்கு நிஜத்தில் 12 செ.மீ. டிபன் பாக்ஸ், 2 செ.மீ. கிடைத்தால் பார்பிக்கு. வேலூர் லாங்கு பஜார் பக்கம் பாத்திரக்கடை, ஃபேன்சி ஸ்டோர், ஸ்டேஷனரி மொத்தக்கடை மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். கையில் ஒரு சின்ன ஸ்கேலும் நீங்கள் வகுத்து எழுதிய அளவுச் சீட்டும் இருக்கட்டும். சாவிக்கொத்தில் தொங்கவிடும் குட்டிப் பை, பை வடிவ ரப்பர் எல்லாம் கண்ணை இழுக்கும். அளந்து பார்த்து, பொருந்தினால் மட்டும் எடுங்கள். வகுப்பறை வராந்தாவில் ஒரு தண்ணீர்ப் பானை வைக்கிற எண்ணம் இருந்தால் காட்பாடிப் பக்கம் கரிகிரி மண்பாண்டம் இருக்கவே இருக்கிறது, சின்ன உருப்படி கேட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். நாணயம் 27 மி.மீ. விட்டம், மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். படம் அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

வருஷா வருஷம் யாராவது டீச்சர் கையில் பிரம்பு கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. டஸ்டர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

பொருள் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை சில உண்டு. இரண்டு அச்சு சேருமிடத்தில் ஓடும் தையல் கோட்டை விரலால் தடவுங்கள், நெருடினால் மட்டமான வார்ப்பு. மூடி உள்ள பெட்டியை மெதுவாகத் திறந்து மூடுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து, திறக்கத் திறக்கப் பரவினால் அது சீக்கிரம் உடையும். பெயரும் படமும் பிளாஸ்டிக் மேலேயே அச்சாகியிருந்தால் நல்லது. ஸ்டிக்கராக இருந்தால் வேலூர் வெயிலில் ஓரம் எழும்பிவிடும். பொம்மையின் கை பிடிக்கிறதா என்பதும் முக்கியம். பார்பியின் விரல்கள் பெரும்பாலும் எதையும் பிடிக்காது. நல்ல செட்டில் பையின் கைப்பிடியிலோ புத்தகத்தின் பின்னாலோ கை நுழைய ஒரு வளையம் இருக்கும். இல்லையென்றால் நிறமில்லாத மெல்லிய ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளலாம். மரப்பாச்சிக்குச் சீருடை போடுகிற வீடுகளும் உண்டு. அதற்கு விரலே கிடையாது, தோளில் பை மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் தரத்தைப் பற்றிப் பேசினால் வெயிலை விட்டுவிட முடியாது. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊர், பரண் மேல் அதற்கும் கூடுதல். ஜாமெட்ரி பாக்ஸில் ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, ஸ்கேல் உருகின மாதிரி குழிவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அழிப்பான்கள் பெரும்பாலும் பி.வி.சி.; அதை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் வெளியே கசிந்து பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. அதேதான் பொம்மைச் சாமானிலும் நடக்கும். வழவழப்பான மிருதுப் பிளாஸ்டிக்கில் செய்த குட்டிப் பையைப் பொம்மை தோளிலேயே மாட்டி ஒரு வருஷம் பரணில் போட்டால் தோளில் தடம் விழும், பட்டை பிசுபிசுக்கும். கருநீலச் சீருடையின் சாயம் பொம்மையின் வெளிர் தோலில் ஏறினால் எளிதில் போகாது. தைப்பதற்கு முன் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, சாயம் விடுவது நிற்கும்வரை அலசுங்கள், வெளிர் நிறத்தில் உள்பாவாடை ஒன்றும் போடுங்கள். ஹாட் குளூ கொண்டு ஒட்டின சாமான் பரண் சூட்டில் இளகிக் கழன்றுவிடும். தாளுக்கு ஃபெவிகால், தகடுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இரண்டு டியூப் கலக்கும் பசை. டிபன் பாக்ஸுக்குள் இட்லி, எலுமிச்சை சாதம் செய்ய மைதா மாவுக் களிமண்ணைப் பலர் சொல்வார்கள். கொலு முடிந்து உள்ளே வைத்தால் அடுத்த நவராத்திரிக்குள் பூச்சி தின்றுவிடும். எம்-சீல் போதும், கையுறை போட்டுப் பிசையுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். செட் வாங்கும்போது அதைப் பாருங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இந்தச் சாமான் எதுவும் அதன் கைக்கு எட்டக்கூடாது. பரிசோதனைக் கூடங்களில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழலுக்குள் பொருளைப் போட்டுப் பார்ப்பார்கள்; முழுசாக உள்ளே போனால் அது தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு. நம் பென்சில் துண்டு, ரப்பர், சாக்பீஸ், பால்ஸ் எல்லாமே உள்ளே போய்விடும். கையில் புத்தகம் ஒட்டி நிற்பதற்காகச் சில செட்டுகளில் குட்டிக் காந்தம் வைத்திருப்பார்கள், மேசை விளக்கில் பட்டன் பேட்டரி இருக்கும். காந்தம் ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும், பேட்டரி உணவுக்குழாயைச் சுட்டுவிடும். நான் இரண்டையும் என் செட்டில் சேர்ப்பதில்லை. நீங்களும் அப்படி ஒன்று வந்தால் கழற்றிவிடுங்கள்.

நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னால் ஆரம்பியுங்கள். முதல் வாரம் பையும் ஷூவும், ஏனென்றால் தோலுக்கு ஆள் பிடித்துச் சொல்லி வாங்க வேண்டியிருக்கும். நோட்டும் புத்தகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, மகளையே லேபிள் எழுதச் சொல்லுங்கள். கொலு முடிந்ததும் பை, சீருடை, மிருதுப் பிளாஸ்டிக் சாமான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெள்ளைத் துணியில் சுற்றி, பெரிய பொம்மையின் சாமான் ஒரு டப்பா, பார்பியினுடையது இன்னொரு டப்பா என்று வைத்து, மேலே '1/3', '1/6' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பரண் வேண்டாம், பீரோவின் கீழ்த்தட்டு போதும்.